வீட்டு ஒழுங்கு: பலரும் செய்யும் சில தவறுகள்

போகிக்கு முந்தைய வாரத்தில் பரணில் இருப்பதையெல்லாம் இறக்கி, வேண்டாதவற்றைக் கழித்து, வீட்டைப் பளிச்சென்று ஆக்கிவிட்டு, மாசி பிறப்பதற்குள் பழைய நிலைக்கே திரும்பிவிடும் வீடுகள் பல. ஒட்டடை அடிக்கவும் வெள்ளையடிக்கவும் ஆண்டுக்கு ஒருமுறை போதும். ஆனால் செய்தித்தாளும் கூரியரில் வந்த அட்டைப்பெட்டியும் துணிக்கடைப் பையும் அன்றாடம் சேர்பவை. அன்றாடம் சேர்வதை ஆண்டுக்கு ஒருமுறை கழிக்கலாம் என்று நினைப்பதே முதல் தவறு.

அடுத்தது, 21 நாளில் எந்தப் பழக்கமும் படிந்துவிடும் என்ற நம்பிக்கை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரை 12 வாரங்கள் கவனித்து நடத்திய ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே கைக்கு வருவதற்கு ஆகும் காலம் ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபடும் என்று மதிப்பிடப்பட்டது. அதன் நடு அளவு 66 நாள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போவது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆகவே, விருந்தினர் வந்த அன்று ஒழுங்கு தவறியதற்காக, 'இது நமக்குச் சரிப்படாது' என்று முழுவதையும் கைவிடுவதற்குக் காரணமே இல்லை.

அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள், தாம் தேர்ந்த செயலை நாள்தோறும் தவறாமல் நடக்கும் வேறொன்றோடு இணைத்துக்கொண்டார்கள். நாமோ 'நேரம் கிடைக்கும்போது செய்யலாம்' என்று விட்டுவிடுகிறோம். அந்த நேரம் கிடைப்பதே இல்லை. காலையில் பால் காய்வதற்குள், முந்தைய இரவு கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை அலமாரியில் எடுத்து வைத்துவிடலாம். பால் பொங்கிவிடுமே என்று எப்படியும் அடுப்படியில்தான் நிற்கப் போகிறோம். இரவு கதவைத் தாழிடப் போகும்போது, கூடத்தில் கிடக்கும் டம்ளர்களையும் புத்தகங்களையும் அவற்றின் இடத்தில் சேர்க்கலாம். ஒரே நாளில் பத்துப் பழக்கங்களைத் தொடங்காமல், ஒன்று படிந்த பிறகு அடுத்ததைச் சேர்ப்பது நல்லது.

கழிப்பதற்கு முன்பே அழகான டப்பாக்களை வாங்கிக் குவிப்பதும் வழக்கமாகிவிட்டது. அதனால் வேண்டாத பொருளுக்கும் ஒரு டப்பா கிடைக்கிறது, அவ்வளவுதான்.

பொருளைப் பயன்படும் இடத்திலிருந்து தொலைவில் வைப்பதைப் பலர் தவறாகவே எண்ணுவதில்லை. பால் கவரை வெட்டும் கத்தரிக்கோலுக்குப் படுக்கையறை மேசையில் இடம் ஒதுக்கினால், அது எப்போதும் சமையல் மேடையிலேயே கிடக்கும். ஒருமுறை உடுத்திய, ஆனால் இன்னும் துவைக்கத் தேவையில்லாத துணிகளின் கதையும் இதுவே: அவற்றுக்கென்று இடம் இல்லாததால் நாற்காலி நிறைகிறது. கதவுக்குப் பின்னால் நான்கு கொக்கிகள் அடித்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும் இந்தச் சிக்கலுக்கு, வீட்டில் இருப்பவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டுவது வீண்.

ஒழுங்கை ஒருவர் தலையில், பெரும்பாலும் இல்லத்தரசியின் தலையில், சுமத்துவது நியாயமும் இல்லை, நடைமுறைக்கும் ஒவ்வாது. பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் தட்டு அமைத்தால்தான் பள்ளிப்பையை அங்கே வைக்கும்படி அவர்களிடம் சொல்ல முடியும். பெரியவர்களின் பொருள்களை அவர்கள் இல்லாத நேரத்தில் கழித்துவிடும் வேலை மட்டும் கூடவே கூடாது. தாத்தாவின் பழைய ரசீதுக் கட்டு நமக்குக் குப்பையாகத் தோன்றினாலும், அதற்குள் நிலவரி ரசீதும் இருக்கக்கூடும். அவரையே பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டுப் பிரிக்க வேண்டும்.