மறுகுடியமர்வுப் பகுதியில் மன அழுத்தத்தை அளப்பது எப்படி?

நகரவாசிகளின் மூளையில் பயம் போன்ற உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலா என்னும் பகுதி மன நெருக்கடியின்போது கூடுதலாகத் தூண்டப்படுவதை, 2011இல் ஜெர்மனியின் மான்ஹைம் ஆய்வாளர்கள் ஸ்கேன் மூலம் கண்டறிந்தனர். ஆனால் அந்த நெருக்கடி எந்தத் தெருவில், எந்த நேரத்தில் உண்டாகிறது என்பதைக் குடியிருப்புக்குள் சென்றால்தான் அறிய முடியும். கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் வாழும் சென்னைப் பெரும்பாக்கம் போன்ற இடங்களில் ஆய்வு செய்ய விரும்பும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் சில நாட்கள் கேள்வித்தாளை எடுக்கவே வேண்டாம். "மன அழுத்தம் உண்டா?" என்று கேட்டால் "அதெல்லாம் இல்லீங்க" என்று சொல்லும் அம்மாவே, சற்றுப் பேசிக்கொண்டிருந்தால் "ஒரே டென்ஷன், ராத்திரி தூக்கமே வரல, நெஞ்சு படபடங்குது" என்பார். இந்தச் சொற்களைத் திரட்டிய பிறகு, 1983இல் ஷெல்டன் கோஹென் குழுவினர் வெளியிட்ட அழுத்த அளவுகோலின் தமிழ் வடிவம் அவர்களுக்குப் புரிகிறதா என்று சோதியுங்கள்.

அடுத்து, ஒருவரின் ஒரு நாளை மணிவாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். முன்பு நடந்தே போன வீட்டு வேலைக்கு இப்போது விடியுமுன் எழுந்து பேருந்துக்கு நிற்பவரின் உடலில் அழுத்த ஹார்மோனான கார்ட்டிசாலின் அளவு எழும் நேரமும் மாறியிருக்கும். ஆகவே கார்ட்டிசாலை அளப்பதற்கான உமிழ்நீர் மாதிரியை எல்லோரிடமும் காலை ஏழு மணிக்கு எடுப்பது தவறு. அவரவர் கண்விழித்த உடனேயும் அரை மணி கழித்தும் எடுக்க வேண்டும். நீண்டகால அழுத்தத்தை அறிய, முடியில் படியும் கார்ட்டிசால் உதவும். மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்வதால், வேரையொட்டிய 3 செ.மீ. முடி மூன்று மாதக் கதையைச் சொல்லும். பழனியில் மொட்டை போட்டு வந்தவரிடம் அதுவரை காத்திருக்க வேண்டியதுதான்.

ரத்த அழுத்தத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். எட்டு அடுக்குக் கட்டடத்தில் லிஃப்ட் நின்ற நாளில் தண்ணீர்க் குடத்தோடு படியேறி வந்தவருக்கு உடனே பட்டையைக் கட்டினால் படியேறிய களைப்பும் சேர்ந்தே பதிவாகும். ஐந்து நிமிடம் அமரவைத்து, இருமுறை அளவெடுங்கள். இரவு ஒலியையும் வீட்டுக்கு வெளியே அளந்து, குடியிருப்புப் பகுதிக்கான இரவு வரம்பான 45 டெசிபலோடு ஒப்பிடுங்கள்.

ரத்த அழுத்தம் கூடுதலாக இருப்பவரை அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவது ஆய்வாளரின் கடமை. முடிவுகளை இதழுக்கு அனுப்புமுன் பிளாக் வாரியாகக் கூட்டம் கூட்டி, அவர்களிடமே தமிழில் சொல்லுங்கள். தண்ணீர் வரும் நேரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.