எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால் நம்பிவிடாதீர்கள்

கோபிசெட்டிபாளையம் பக்கம் எலும்பு மருத்துவம் பார்க்கிறேன். ஆர்த்தோவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இது.

எங்கள் ஊரில் எலும்புச் சீழ் இப்படித்தான் வரும்: மூன்று நாள் காய்ச்சல், காலை ஊன்றாத குழந்தை, முழங்காலில் விளக்கெண்ணெய் வாசம். "வெளையாடறப்ப உழுந்துட்டானுங்க, சுளுக்குன்னு நீவி உட்டமுங்க" என்பார் ஆத்தா. விழுந்தது நிஜமாகவே இருக்கலாம். ஆனால் சுளுக்குக்கு 102 டிகிரி காய்ச்சல் அடிக்காது.

குழந்தை அம்மா மடியிலேயே இருக்கட்டும். நல்ல காலை முதலில் தொடுங்கள். அப்புறம் ஒற்றை விரலால் கணுக்காலிலிருந்து மேலே அழுத்திக்கொண்டே போங்கள். உங்கள் பார்வை காலில் இருக்கக் கூடாது, குழந்தையின் முகத்தில் இருக்க வேண்டும். பாதி தூரம் சும்மா இருக்கும் குழந்தை, முழங்காலுக்குச் சற்றுக் கீழே விரல் வந்ததும் வீலென்று கத்தும். எலும்பு நீளமாக வளரும் பகுதியான வளர்ச்சித் தட்டை ஒட்டிய அந்த இடத்தில் ரத்த ஓட்டம் மந்தம். பெரும்பாலும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா அங்கேதான் தங்கும். மூட்டைத் துளிகூட அசைக்க விடவில்லை என்றால் மூட்டுக்குள்ளேயே சீழ் இருக்கலாம். அது அன்றைக்கே பார்க்க வேண்டிய அவசரம்.

பயிற்சிக் காலத்தில் எக்ஸ்ரே நன்றாக இருக்கிறதென்று ஒரு பையனை வீட்டுக்கு அனுப்பினேன். பத்தாம் நாள் தொடையெல்லாம் வீங்கித் திரும்பி வந்தான். முதல் 7 முதல் 10 நாள் வரை எக்ஸ்ரேயில் எலும்பு மாற்றம் தெரியாது என்பது பாடத்தில் படித்ததுதான். படித்து என்ன?

அதனால் ரத்தத்தை அனுப்புங்கள்: அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர்., கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சர். குழந்தை தாங்குகிற நிலையில் இருந்தால் கல்ச்சர் எடுத்த பிறகே முதல் ஆன்டிபயாடிக் ஊசி. அல்ட்ராசவுண்டில், எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வான எலும்புறைக்கு அடியில் சீழ் தெரியும். எம்.ஆர்.ஐ. இன்னும் துல்லியம், ஆனால் அதற்காகக் கோயம்புத்தூர் போய் வரிசையில் நின்று ஒரு நாளை இழக்காதீர்கள்.

சீழ் தேங்காதவர்களுக்குக் கத்தி வேண்டாம், ஆன்டிபயாடிக் போதும். 48 மணி நேரத்தில் காய்ச்சலும் சி.ஆர்.பி.யும் இறங்கவில்லையா, சீழ் தெரிகிறதா, திறந்துவிடுங்கள்.

முதலில் 18 கேஜ் ஊசி, அதாவது சற்றுத் தடித்த ஊசி. எலும்பைத் தொட்டதும் நிறுத்தி உறிஞ்சுங்கள். வரவில்லையென்றால் லேசாகத் திருகி உள்ளே விடுங்கள். திறக்கும்போது, ரத்த ஓட்டத்தை நிறுத்தும் டூர்னிகே பட்டையைக் கட்டுவதற்கு முன் காலைத் தூக்கிப் பிடித்தால் போதும், ரப்பர் பேண்டேஜைச் சுற்றிப் பிழியாதீர்கள். சீழ் ரத்தத்தில் ஏறும். எலும்புறையை நீளவாக்கில் கீறுங்கள், உரித்துவிடாதீர்கள், எலும்புக்கு ரத்தம் அதன் வழியாகவும் வருகிறது. பிறகு சி-ஆர்ம் என்ற ஆபரேஷன் தியேட்டர் எக்ஸ்ரே கருவியில் வளர்ச்சித் தட்டைப் பார்த்து, அதைத் தொடாமல் சின்ன டிரில்லால் இரண்டு மூன்று ஓட்டை. சீழ் பொங்கினால் சிறு ஜன்னலாக விரித்து, சலைன் ஊற்றிக் கழுவுங்கள்.

எடுத்ததில் பாதியைக் கல்ச்சருக்கும் பாதியைப் பயாப்சிக்கும் அனுப்புங்கள். காசநோயும், யூயிங் கட்டி என்ற எலும்புப் புற்றுநோயும் இதே வேஷத்தில் வரும்.

துளை போட்ட எலும்பு எளிதில் முறியும், அதனால் மாவுக்கட்டு வைத்துத்தான் அனுப்புவேன். "கட்டுப் பிரிச்சதும் எண்ணெய் போட்டு நீவலாமுங்களா சாமி?" என்று ஆத்தா நிச்சயம் கேட்பார். மருந்துச் சீட்டிலேயே கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்: நீவக் கூடாது.