கனடா பி.ஆர்: கையில் இருக்கும் போலீஸ் சான்றிதழைத் தூக்கிப் போடாதீங்க

கனடாவுல இருந்துக்கிட்டே எக்ஸ்பிரஸ் என்ட்ரியில (புள்ளி அடிப்படையில ஆள் எடுக்கிற கனடாவோட ஆன்லைன் முறை) பி.ஆருக்கு, அதாவது நிரந்தரமா வசிக்கிற உரிமைக்கு, விண்ணப்பிக்கிற கோவை, திருப்பூர், ஈரோட்டுக்காரங்களே, இந்தியாவை விட்டுக் கிளம்பின பிறகு வாங்கின இந்தியப் போலீஸ் சான்றிதழ் (குற்றப் பதிவு இருக்கா இல்லையான்னு காட்டுறது) இருந்தா, புதுசுக்குப் பணம் கட்டாதீங்க. விண்ணப்பிக்கிறதுக்கு முந்தின 6 மாதத்துக்குள்ள வாங்கியிருக்கணும்ங்கிற கெடு, இப்போ வசிக்கிற நாட்டுச் சான்றிதழுக்குத்தான். முன்னாடி இருந்த நாட்டுக்கு, அங்க கடைசியா குடியிருந்ததுக்கு அப்புறம் வாங்கினதா இருந்தாப் போதும். சான்றிதழ்த் தேதியையும் பாஸ்போர்ட்ல கிளம்பின முத்திரையையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, அது ரொம்ப முக்கியம். மாரியம்மன் நோம்பிக்கு லீவுல வந்து போனது பரவாயில்லைங்க. தொடர்ந்து 6 மாதம் ஊர்ல தங்கிட்டா புதுசா வாங்கியே ஆகணும். ஊரிலிருந்தே விண்ணப்பிக்கிறவங்களுக்கு இது பொருந்தாது. ஆஸ்திரேலியாவுக்குக் கணக்கே வேற, வாங்கின தேதியிலிருந்து 12 மாதம்தான் செல்லும்.