பூக்காத குண்டுமல்லி

எங்கள் கொல்லையில் சித்திரைக்கு வேப்பம்பூ, மழைக்குச் செம்பருத்தி என்று ஏதாவது இருக்கும். மல்லி மட்டும் 3 வருஷமாக இலையாகவே தழைத்தது. யூரியா போட்டுப் போட்டு நானே கெடுத்திருக்கிறேன். அதிலிருக்கும் தழைச்சத்து கூடினால் கொடி ஓடும், மொட்டு வராது. போதாக்குறைக்கு முருங்கை நிழல் வேறு.

நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மொத்தமாக வெட்டிக் கவாத்து செய்தேன். மிஞ்சிய இலைகளையும் உருவிவிட்டேன். "செடியைக் கொன்னுட்டியே" என்று அம்மா இரண்டு நாள் பேசவில்லை. முருங்கைக் கிளைகளைக் கழித்தேன். யூரியாவை நிறுத்தி, தொழுவுரமும் ஒரு கைப்பிடி எலும்புத்தூளும் வைத்தேன். அவ்வளவுதான்.

மாசிக் கடைசியில் புதுக் கொழுந்தின் நுனியில் அரிசி மணி அளவில் மூன்று மொட்டு, நடுவில் இருந்தது கொஞ்சம் பெரிது. பங்குனியில் தினம் ஒரு முழம் தேறியது. பறிக்கிற வேலையை அம்மா யாருக்கும் விடுவதில்லை.