ரிலீஸ் ஆன டேகைத் தொடாதீர்கள்

எங்கள் மென்பொருள் திட்டத்தில் புதிதாக ரிலீஸ் பொறுப்பு ஏற்ற தம்பி, வெளியிட்ட அரை மணி நேரத்தில் கேட்டார்: "அண்ணா, ஒரு ஃபைல் விட்டுப்போச்சு. டேகை அழிச்சிட்டு அதே பேர்ல திரும்பப் போட்டுடட்டுமா? இன்னும் யாரும் எடுத்திருக்க மாட்டாங்க." டேக் என்பது, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியில் ஒரு பதிப்புக்கு ஒட்டும் பெயர்ச்சீட்டு. ஆறு வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் நினைத்தேன். டெஸ்ட் ஓட்டுங்கள், பதிப்பு எண்ணைச் சரிபாருங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். செய்யக்கூடாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

வெளியான டேகை நகர்த்துவது

அன்று இரவு 2.4.0 வெளியிட்டேன். சாப்பிட்டு வந்து பார்த்தால் மொழிபெயர்ப்புக் கோப்புகள் தொகுப்பில் சேரவே இல்லை. அவற்றைச் சேர்த்தேன், கண்ணில் பட்ட ஒரு சின்னத் திருத்தத்தையும் கூடவே போட்டேன், அதே பெயரில் மறுபடி டேக் அடித்துத் தள்ளிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த வாரம் ஒருவர் பிழை அறிக்கை அனுப்பினார். 212ஆம் வரியில் கோளாறு என்கிறது அவர் திரை. என்னிடம் 212ஆம் வரி வெறும் கமென்ட் (ஓடாத குறிப்பு). இரண்டு ராத்திரி மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது, அவரிடம் இருந்தது முதல் 2.4.0. ஏற்கெனவே இறங்கிவிட்ட டேகை சாதாரண ஃபெட்ச் (புது மாற்றங்களை இறக்கும் கட்டளை) மாற்றாது. அவருக்கு அது தெரியவும் வழியில்லை.

அப்புறம் ஒரு டிஸ்ட்ரோவுக்கு (லினக்ஸ் வகை ஒன்றுக்கு) பேக்கேஜ் கட்டுபவர், கோப்பின் கைரேகை போன்ற செக்சம் எண்ணைப் பார்த்துவிட்டு எழுதினார்: "செக்சம் ஒத்துப்போகவில்லை. உங்கள் சர்வரில் யாராவது புகுந்துவிட்டார்களா?" அன்று எனக்கு அது அதிகப்படியாகப் பட்டது. 2024 மார்ச்சில் கோப்பைச் சுருக்கும் கருவியான எக்ஸ்இசட்டின் 5.6.0, 5.6.1 பதிப்புகளின் விவகாரம் வெடித்தபோது, பின்கதவைத் திறக்கும் ஸ்கிரிப்ட் கிட்டில் இல்லாமல் வெளியீட்டு டார் கோப்பில் (பயனர்கள் இறக்கும் பொட்டலத்தில்) மட்டும் இருந்தது. அவர் கேட்டது நியாயம்தான்.

பைத்தான் தொகுப்புகளுக்கான தளமான பைபிஐ இந்த விளையாட்டுக்கே இடம் தராது. ஒருமுறை ஏற்றிய கோப்புப் பெயரை, அழித்தாலும் திரும்பப் பயன்படுத்த முடியாது. கோ நிரல்மொழியின் செக்சம் தரவுத்தளம் முதலில் பார்த்த ஹாஷையே (அந்தக் கைரேகையையே) பிடித்துக்கொள்ளும். டேகை நகர்த்தினால் பயனருக்குப் பாதுகாப்புப் பிழைதான் வரும். தப்பை ஒப்புக்கொண்டு வேறு பெயர் வை என்றுதான் கிட்டின் கையேடும் சொல்கிறது.

"ஒரு எண் வீணாகுமே" என்றார் தம்பி. எண்ணுக்கு என்ன பஞ்சமா? 2.4.1 போடுங்கள்.

கடைசி நேரத்தில் வாசகங்களைத் திருத்துவது

லினக்ஸ் டெஸ்க்டாப்பான க்னோமில் வெளியீட்டுக்குச் சில வாரம் முன்பே ஸ்ட்ரிங் ஃப்ரீஸ் (திரை வாசகங்களை இனி மாற்றக்கூடாது என்ற தடை) வந்துவிடும். அதற்குக் காரணம் உண்டு. நீங்கள் ஒரு முற்றுப்புள்ளி சேர்த்தாலும், மொழிபெயர்ப்புக் கருவியான கெட்டெக்ஸ்டின் கோப்புகளைப் புதுப்பிக்கும்போது அந்த மொழிபெயர்ப்பு "ஃபஸ்ஸி" (மறுபடி சரிபார்க்க வேண்டியது) ஆகிவிடும். ஃபஸ்ஸி ஆனதைத் தொகுப்பில் சேர்க்க மாட்டார்கள். தமிழ்த் திரையின் நடுவே அந்த ஒரு வரி மட்டும் ஆங்கிலத்தில் நிற்கும், திட்டு மொழிபெயர்ப்பாளருக்கு விழும்.

ஆர்சிக்குப் பிறகு புது அம்சம்

ஆர்சி என்பது வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு. லினக்ஸ் கர்னலில் இரண்டு வார மெர்ஜ் விண்டோ (புது அம்சங்களைச் சேர்க்கும் காலம்) முடிந்து ஆர்சி1 வந்ததும் திருத்தங்கள் மட்டும்தான். "சின்னதுதானே" என்பவரை அடுத்த ரிலீஸுக்கு அனுப்புங்கள்.

வெள்ளிக்கிழமை ரிலீஸ்

வேண்டாம்.

ஏற்றும் அனுமதி ஒருவரிடம் மட்டும்

இரண்டு பேரிடமாவது இருக்கட்டும். எங்களில் அந்த அனுமதி வைத்திருந்த ஒரே ஆள் குலதெய்வக் கோயிலுக்குப் போனார். அங்கே சிக்னல் கிடையாது. அவர் ஊர் திரும்பும்வரை, மூன்று நாள், ரிலீஸ் அப்படியே கிடந்தது.