ரைஃபிள் கட்டை செதுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரைஃபிளின் குழலும் மற்ற உலோகப் பாகங்களும் பதிந்திருக்கும் மரப்பகுதிதான் கட்டை. அதைக் கையால் செய்யத் தொடங்குகிறவர்கள் உளிவேலையை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் பிற்பாடு உடைகிற கட்டைகளில் பல, உளி படுவதற்கு முன்பே, மரம் தேர்ந்தெடுக்கும்போதே கெட்டுப்போனவை.

முதல் தவறு, அழகில் மயங்குவது. வால்நட் பலகையில் சுழித்து ஓடும் ரேகையைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். அந்தச் சுழி தோளில் பதியும் பின்பகுதியில் இருந்தால் நல்லது. கை பிடிக்கும் கழுத்தில் இருக்கவே கூடாது. கட்டையிலேயே மெலிந்த இடம் அது. சுடும்போது வரும் உதை அதன் வழியாகத்தான் தோளுக்குப் போகிறது. அங்கே ரேகை கழுத்தின் சரிவோடு சேர்ந்து நீளவாக்கில் ஓட வேண்டும். ரேகை கழுத்தின் குறுக்கே ஓடினால் என்றாவது ஒருநாள் பிளக்கும். 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் அலைரேகை மேப்பிளில் செய்த நீள ரைஃபிள்களில், இன்று எஞ்சியிருப்பவை பலவற்றில் கழுத்தில்தான் ஒட்டுப்போட்ட தடம் இருக்கிறது. அதனால் அட்டையில் கட்டையின் வடிவத்தை வெட்டி, பலகைமேல் வைத்துத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் நேராகத் தெரியும் ரேகை மறுபக்கம் நழுவிப் போயிருக்கும்.

அடுத்தது ஈரம். காற்றில் உலர்த்தினால் ஓர் அங்குலத் தடிமனுக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. இரண்டரை அங்குலப் பலகைக்கு இரண்டு, மூன்று வருஷம் ஆகும். வெட்டுமுனைகளில் மெழுகோ பெயின்ட்டோ பூசாவிட்டால் அங்கே ஈரம் வேகமாக இறங்கி வெடிப்பு விழும். மாதாமாதம் எடை போடுங்கள்; எடை குறைவது நின்ற பிறகு கை வையுங்கள். குழலும் உலோகப் பாகங்களும் உட்காரும் பள்ளத்தைப் பச்சை மரத்தில் குடைந்தால், மரம் சுருங்கி அவற்றை இறுக்கும், குழல்மேல் அழுத்தம் மாறும், குண்டு விழும் இடமும் மாறும். ஓக் மரம் வேண்டாம். அதன் துவர்ப்பு அமிலம் எஃகை அரிக்கும்.

கருவிகளை வாங்கிக் குவிப்பதும் தேவையில்லை. கால் அங்குல, அரை அங்குல உளிகள், ஒன்றிரண்டு குழிவுளிகள், நல்ல மர அரம், சுரண்டுவதற்கு ஒரு எஃகுத் தகடு. இவை கூர்மையாக இருந்தாலே பெரும்பகுதி வேலை முடியும். மழுங்கிய உளி மரத்தை வெட்டாது, நசுக்கும்.

குடைவதற்கு முன்பே வெளிவடிவத்தைச் செதுக்கிவிடுவது பெரிய தவறு. பலகை சதுரமாக இருக்கும்வரைதான் வைஸில் (மேசைப் பிடிகருவியில்) உறுதியாக நிற்கும், அதன்மேல் போட்ட நடுக்கோடும் நம்பகமாக இருக்கும். துப்பாக்கிக்குள் குண்டு இல்லை என்று உறுதி செய்து, குண்டை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டைக் கழற்றிவிட்டு, உலோகத்தின் அடியில் விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்து மிக மெல்லியதாகத் தடவுங்கள். நேராக இறக்கி, லேசாகத் தட்டி எடுத்தால் இடிக்கிற இடத்தில் கறுப்பு ஒட்டியிருக்கும். அங்கே மட்டும் சுரண்டுங்கள். அப்பிப் பூசினால் எல்லா இடமும் கறுத்து, எது இடிக்கிறது என்றே தெரியாது. இறங்க மறுக்கும் உலோகத்தைத் திருகாணியால் இழுத்து இறக்காதீர்கள், அது வளையும். உலோகத்தின் அடியில் நீட்டிக்கொண்டு உதையைத் தாங்கும் முட்டின் பின்முகம் மட்டும் மரத்தோடு முழுசாகப் பொருந்த வேண்டும். அதன் முன்னாலும் பக்கங்களிலும் அடியிலும் சிறு இடைவெளி இருப்பதே நல்லது.

அப்புறம் மெருகு. உப்புத்தாளை விரலில் சுற்றித் தேய்த்தால் விளிம்புகள் உருண்டுவிடும். மரத்துண்டில் சுற்றித் தேயுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் எழும் நார்களையும் தேய்த்துவிட்டு, ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்ததாகப் பூசுங்கள். குடைந்த உட்புறத்துக்கும் பின்முனைக்கும் பூச மறக்காதீர்கள், ஈரம் அந்த வழியாகத்தான் ஏறும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பிடிக்கலாம். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து வையுங்கள்.