அறுபது வயதுக்காரி கேட்ட கேள்வி

வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்பதுதான் எங்கள் வீட்டு ஏற்பாடு. எதுவும் மிஞ்சவில்லை.

2011-இல் ஹால் ஹெர்ஷ்ஃபீல்டும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஓர் ஆய்வு என் கண்ணைத் திறந்தது. முதுமையடைந்த தங்கள் முகத்தைக் கணினி வழியாகப் பார்த்தவர்கள் ஓய்வுக்காலத்துக்குக் கூடுதல் தொகை ஒதுக்கினார்களாம். நாளைய நம்மை யாரோ ஒருவராகவே இன்று நினைக்கிறோம். பிறகு அவருக்காகப் பணம் எடுத்துவைக்க எப்படி மனம் வரும்?

என்னிடம் அந்தக் கருவி இல்லை, நோட்டு இருந்தது. அறுபது வயதான நான் இன்றைய எனக்கு எழுதுவதாக ஒரு கடிதம் எழுதினேன். “மாத்திரை வாங்க மகனிடம் கை நீட்ட எனக்கு விருப்பமில்லை. எனக்கென்று என்ன வைத்திருக்கிறாய்?” அந்த வரியை எழுதியபோது உண்மையிலேயே கலங்கிப்போனேன். அவள் அந்நியப் பெண் அல்ல, நான்தான்.

பொது வருங்கால வைப்பு நிதி (PPF) என்ற அரசின் நீண்டகாலச் சேமிப்புத் திட்டத்தில் கணக்கு தொடங்கினேன். ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய் கட்டினால் போதும். முதிர்வு 15 ஆண்டுகள். நினைத்தவுடன் எடுக்க முடியாது என்பதே எனக்குப் பிடித்த அம்சம். ஐந்தாம் தேதிக்குள் கட்டினால் அந்த மாதத்துக்கும் வட்டி உண்டு என்பதால், சம்பளம் வந்த மறுநாளே தொகை தானாகப் போகும்படி வங்கியில் நிலையான உத்தரவு கொடுத்துவிட்டேன். வீட்டுச் செலவெல்லாம் அதற்குப் பிறகுதான். பெரிய செலவு வரும்போது அந்தக் கடிதத்தை எடுத்துப் படிக்கிறேன்.